பசித்த நாயும் அழுத குழந்தையும்: பித்தநாளத்தைப் படம் பிடித்த கதை

தங்கச்சி மகளுக்கு அப்போது 38 நாள். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் "நாலு மணி நேரம் பால் குடுக்காம கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். நமக்கெல்லாம் நாலு மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு மாதக் குழந்தைக்கு அது பெரிய தண்டனை. மூன்றாவது மணி நேரத்தில் அவள் அழ ஆரம்பித்தாள். தங்கச்சி ஒரு மூலையில் உட்கார்ந்து தானும் அழுதுகொண்டிருந்தாள். "பச்சப்புள்ளைய பட்டினி போடச் சொல்றவன்லாம் ஒரு டாக்டரா" என்று அம்மா காது கேட்கவே சொன்னார். தாய்மாமன் என்பதால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்கிற வேலை எனக்கு.

உள்ளே போனதும் ரேடியாலஜிஸ்டிடம் கேட்டேன். ஏன் சார் பட்டினி? அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பால் குடிச்சா பித்தப்பை சுருங்கிடும். சுருங்கின பையையும், வளராத பையையும் என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

நான் டாக்டர் இல்லை. இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் அந்தப் பதில் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. இந்த உண்மையை முதலில் யார் கண்டுபிடித்தார்கள், எப்படி என்று தேட ஆரம்பித்தேன். தேடல் 1923-ல் ஒரு பசித்த நாயிடம் போய் நின்றது. அங்கிருந்து முன்னும் பின்னும் படித்ததன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நோய்

கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தநாளங்கள் வழியாகச் சிறுகுடலுக்கு வருகிறது. நடுவில் பித்தப்பை ஒரு சேமிப்புத் தொட்டி. சில குழந்தைகளுக்குப் பிறப்பை ஒட்டிய நாட்களில் கல்லீரலுக்கு வெளியே இருக்கும் பித்தநாளம் வீங்கி, தழும்பாகி, அடைத்துப்போகிறது. பிலியரி அட்ரீசியா என்று பெயர். ஐரோப்பாவில் ஏறக்குறைய 15,000 முதல் 18,000 பிறப்புக்கு ஒன்று. தைவானில் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

வெளியேற முடியாத பித்தம் கல்லீரலையே அரிக்கத் தொடங்கும். குழந்தை பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். பால் குடிக்கும், சிரிக்கும், எடைகூட ஏறும். கண்ணில் மஞ்சள் மட்டும் போகாது. சிறுநீர் அடர் மஞ்சளாகும். மலம் நிறம் வெளுத்து, சுண்ணாம்பு கலந்த களிமண் மாதிரி ஆகும். மலத்துக்கு நிறம் கொடுப்பதே பித்தம்தான், அது குடலுக்கு வரவில்லை என்றால் நிறமும் வராது.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம். சகஜமான மஞ்சளில் ஏறுவது ஒரு வகை பிலிருபின். அட்ரீசியாவில் ஏறுவது இன்னொரு வகை, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'டைரக்ட்' என்று போட்டிருக்கும். முதல் வகை வெளிச்ச சிகிச்சையில் குறையும். இரண்டாவதை எந்த வெளிச்சமும் தொடாது. எங்கள் வீட்டில் மூன்று வாரம் காலை வெயிலில் காட்டினோம். முதலில் பார்த்த ஒரு டாக்டரும் "தாய்ப்பால் மஞ்சள், தானா போயிடும்" என்று அனுப்பிவிட்டார். இரண்டாவதாகப் பார்த்தவர்தான் டைரக்ட் பிலிருபினை எழுதிக் கொடுத்தார். அந்த எண் வந்த பிறகுதான் ஸ்கேனும் பட்டினியும்.

டைரக்ட் பிலிருபின் கூடினாலும் அட்ரீசியாதான் என்று முடிவு கட்ட முடியாது. கல்லீரல் செல்களே வீங்கிப் பித்தத்தைச் சரியாக வெளியேற்றாத நிலையும் உண்டு. பச்சிளம் குழந்தை ஹெப்படைட்டிஸ் என்பார்கள். அதுவும் மஞ்சள்தான், அதுவும் வெளுத்த மலம்தான். ஒன்றில் குழாய் அடைப்பு, மற்றதில் தொழிற்சாலையில் வேலை நிறுத்தம். ஒன்றுக்கு உடனே அறுவை வேண்டும், மற்றதற்கு அறுவையே கூடாது. இந்த இரண்டையும் பிரிப்பதுதான் நூற்றாண்டுப் பிரச்சினை.

பெயர் வைத்த காலம்

1890-களின் தொடக்கத்தில் எடின்பரோவைச் சேர்ந்த ஜான் தாம்சன் என்ற குழந்தை மருத்துவர், அதுவரை பதிவான சுமார் ஐம்பது குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். ஆக, தாம்சனுக்குக் கிடைத்த ஒரே 'படம்' பிரேதப் பரிசோதனைதான். 1916-ல் ஹோம்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசி, சுமார் 16 சதவீதம் பேருக்கு நாளத்தின் ஒரு பகுதி திறந்திருக்கிறது, அதைக் குடலோடு இணைத்திருக்கலாம் என்றார். 1928-ல் பாஸ்டனின் வில்லியம் லாட் அப்படிச் சில குழந்தைகளை அறுவை செய்து காப்பாற்றியும் காட்டினார்.

ஆனால் எந்தக் குழந்தை அந்த 16-ல் ஒன்று என்று வயிற்றைத் திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் நாய் வருகிறது.

செயின்ட் லூயிஸ் நாய்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அறுவைத் துறைத் தலைவர் எவார்ட்ஸ் கிரஹாம். சில சாயப் பொருட்களை ரத்தத்தில் செலுத்தினால் கல்லீரல் அவற்றைப் பித்தத்தோடு வெளியேற்றும் என்பது அப்போதே தெரியும். அந்தச் சாயத்தோடு புரோமின் போன்ற கனமான அணுக்களைச் சேர்த்தால் எக்ஸ்-ரேயில் பித்தப்பை தெரியுமே என்பது கிரஹாமின் யோசனை. செய்து பார்க்கும் வேலை வாரன் கோல் என்ற இளம் மருத்துவருடையது.

மாதக்கணக்கில் நாய்களுக்கு ஊசி போட்டார் கோல். எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை. 1923 நவம்பரில் ஒரே ஒரு நாய்க்கு மட்டும் பித்தப்பை நிழலாகத் தெரிந்தது. அதே மருந்து, அதே அளவு. இந்த நாயில் மட்டும் என்ன விசேஷம்? விசாரித்ததில், நாய்களைப் பார்த்துக்கொள்பவர் அன்று காலை அந்த நாய்க்குச் சாப்பாடு போட மறந்துபோனது தெரிந்தது.

நம் துறையில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி 'பக்' பழக்கம்தான். மாதக்கணக்கில் கோடைத் திருத்துவோம், கடைசியில் பார்த்தால் கோளாறு கோடுக்கு வெளியே இருக்கும். சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கி உள்ளே இருப்பதைக் குடலுக்குத் தள்ளிவிடும், சாயமும் கூடவே போய்விடும். பசியோடு இருந்தால் பை நிரம்பி, உள்ளே இருப்பது கெட்டிப்படும். 1924-ல் கிரஹாமும் கோலும் இதை வெளியிட்டார்கள். உலகம் முழுக்கப் பித்தப்பைக் கல் நோயாளிகள் வெறும் வயிற்றோடு எக்ஸ்-ரேக்குப் போக ஆரம்பித்தார்கள். நூறு வருஷம் கழித்து என் மருமகள் தோளில் அழுததற்கும் காரணம் அதுவே.

ஆனால் கிரஹாம், கோல் முறையால் மஞ்சள் காமாலைக் குழந்தைக்குப் பயனில்லை. சாயத்தைப் பித்தத்துக்குள் தள்ள வேண்டியது கல்லீரல். மஞ்சள் ஏறிய குழந்தையின் கல்லீரல் அந்த வேலையைச் செய்யும் நிலையில் இல்லை. படத்தில் ஒன்றும் தெரியாது. நாளம் இல்லாததால் தெரியவில்லையா, கல்லீரல் தள்ளாததால் தெரியவில்லையா?

இந்தக் கேள்வியைக் கவனித்துக்கொள்ளுங்கள், மறுபடி மறுபடி வரும். சர்வருக்குக் கோரிக்கை அனுப்புகிறோம், பதில் வரவில்லை. சர்வர் விழுந்துவிட்டதா, நடுவில் கேபிள் அறுந்ததா? பதில் வராததை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

வயிற்றைத் திறந்து பார்ப்பது

கல்லீரலை நம்பாமல் சாயத்தை நேரடியாகப் பித்தநாளத்துக்குள் செலுத்தினால்? அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் பாப்லோ மிரிஸ்ஸி 1931-ல் பெரியவர்களுக்கு அறுவை நடக்கும்போதே அப்படிச் செய்து எக்ஸ்-ரே எடுத்தார். 1952-ல் ஆர்வர் ஸ்வென்சனும் ஃபிஷரும் அதைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார்கள். பித்தப்பைக்குள் சாயத்தைச் செலுத்துவது, அது ஒரு பக்கம் கல்லீரலுக்கும் மறுபக்கம் குடலுக்கும் ஓடுகிறதா என்று பார்ப்பது. ஓடினால் நாளம் இருக்கிறது. இன்றுவரை இறுதித் தீர்ப்பு இந்தப் பரிசோதனையில்தான்.

இதற்கு விலை, குழந்தையின் வயிற்றைத் திறந்தாக வேண்டும். உள்ளே இருப்பது ஹெப்படைட்டிஸ் என்றால், ஏற்கெனவே நொந்த கல்லீரலுக்கு மயக்க மருந்தும் அறுவையும் சேர்ந்து கூடுதல் அடி. அதனால் 1968-ல் தேலர், கெல்லிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், நாலு மாதம் வரை காத்திருங்கள், அறுவைக்கு அவசரப்படாதீர்கள் என்று எழுதினார்கள். அவர்கள் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது நியாயமான அறிவுரை. பெரும்பாலான அட்ரீசியாக் குழந்தைகளை அறுவை செய்தும் காப்பாற்ற முடியாது என்பதே அன்றைய நம்பிக்கை.

அதே 1968-ல் ஜப்பானிலிருந்து ஓர் ஆங்கிலக் கட்டுரை வந்தது. எழுதியவர் செண்டாய் நகரின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரியோ கசாய். 1955-ல் 72 நாள் குழந்தை ஒன்றுக்கு அவர் அறுவை செய்தார். வெளியே நாளம் எதுவும் இல்லை. கல்லீரலின் வாசலில் வெட்டிய இடத்தில் ரத்தம் வழிய, அதை நிறுத்தக் குடலை அந்த இடத்தில் ஒட்ட வைத்தார் என்று சொல்வார்கள். பிறகு பித்தம் வந்தது, மலத்துக்கு நிறம் வந்தது. கல்லீரல் வாசலில் இருக்கும் அந்தத் தழும்புத் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நாளங்கள் உண்டு, தழும்பை வெட்டியெடுத்துக் குடலை அங்கே தைத்தால் பித்தம் வடியும் என்பது அவர் கண்டது. 1959-லேயே ஜப்பானிய மொழியில் எழுதிவிட்டார். மற்ற நாடுகள் கவனிக்க ஒன்பது வருஷம் ஆனது.

கசாய் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். 90 நாளைத் தாண்டினால் வேகமாகக் குறையும். அந்த நுண்ணிய நாளங்களும் நாளாக ஆகத் தூர்ந்துபோகும்.

ஆக ஒரே ஆண்டில் இரண்டு அறிவுரைகள். ஒன்று நாலு மாதம் பொறு என்கிறது, இன்னொன்று இரண்டு மாதத்துக்குள் முடி என்கிறது. இரண்டுமே குழந்தையைக் காப்பாற்றத்தான். வயிற்றைத் திறக்காமல் இரண்டு நோயையும் பிரித்துக் காட்டும் படம் ஒன்று இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

மூன்று நாள், ஐந்து நாள்

1955-ல் கலிஃபோர்னியாவில் டாப்ளினும் குழுவினரும் ரோஸ் பெங்கால் என்ற சாயத்தில் கதிரியக்க அயோடினைச் சேர்த்துக் கல்லீரல் பரிசோதனை ஒன்றை உருவாக்கினார்கள். பின்னர் அது குழந்தைகளுக்கும் வந்தது. ஊசி போட்டு, 72 மணி நேர மலத்தைச் சேகரித்து, கதிரியக்கத்தை அளப்பார்கள். போட்டதில் 10 சதவீதத்துக்கும் குறைவாக வந்தால் அட்ரீசியா என்று சந்தேகம். சிறுநீர் ஒரு சொட்டு கலந்தாலும் கணக்கு தப்பும். ஒரு மாதக் குழந்தையிடம் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகப் பிரித்துச் சேகரிப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நர்சுகளுக்குத்தான் விருது கொடுத்திருக்க வேண்டும்.

1976-ல் பால்டிமோரில் மைக்கேல் லோபெர்க் குழு, லிடோகெயின் என்ற மருந்தின் சாயலில் இதயத்தைப் படம்பிடிக்கும் பொருள் ஒன்றைத் தேடியது. அவர்கள் செய்த பொருளோ இதயத்தை விட்டுவிட்டுக் கல்லீரலுக்குப் போய்ப் பித்தத்தில் இறங்கியது. ஹைடா ஸ்கேன் பிறந்தது இப்படித்தான். டெக்னீஷியம் கலந்த அந்த மருந்து குடலுக்கு வந்து சேர்ந்தால் அட்ரீசியா இல்லை என்று நிம்மதியாகச் சொல்லலாம். வரவில்லை என்றால்? அதே பழைய கேள்வி. 1981-ல் வாஷிங்டனில் மஜ்த் குழுவினர், முன்கூட்டியே ஐந்து நாள் ஃபீனோபார்பிட்டால் கொடுத்துக் கல்லீரலை முடுக்கிவிட்டால் விடை தெளிவாகிறது என்று காட்டினார்கள். தெளிவாகிறது, சரி. ஆனால் 60 நாள் கணக்கில் ஐந்து நாள் போய்விடுகிறது.

தெரிவதைத் தேடு

அல்ட்ராசவுண்ட் வந்தபோது எல்லோரும் எதிர்பார்த்தது வீங்கிய குழாயை. தண்ணீர்க் குழாய் அடைத்தால் அடைப்புக்கு முன்னால் உப்புவது இயற்கை. பெரியவர்களுக்குக் கல் அடைத்தால் அப்படித்தான் தெரியும். அட்ரீசியாவில் கல்லீரலுக்குள் இருக்கும் நாளங்களும் நோயில் சிக்குவதால் அவை பொதுவாக வீங்குவதில்லை. வீக்கம் இல்லை என்பதால் அடைப்பும் இல்லை என்று சொன்னால் அது பெரிய தவறு.

1996-ல் தென்கொரியாவின் டேகு நகரில் சோய் என்ற மருத்துவரின் குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது. நாளம் தெரியவில்லையே என்று தேடாமல், அதன் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். கல்லீரல் வாசலில், போர்ட்டல் ரத்தக்குழாய் பிரியும் இடத்துக்கு மேலே, ஒரு சின்ன வெள்ளை முக்கோணம் தெரிந்தது. 'முக்கோணக் கயிறு' என்று பெயர் வைத்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் 4 மில்லிமீட்டர் தடிமன் ஓர் அளவுகோலானது.

அந்த முக்கோணம் வேறு எதுவும் இல்லை. 1955-ல் கசாய் கத்தி வைத்த அதே தழும்புத் திசு. அறுவை மருத்துவர் கையால் தொட்டதை ஒலி அலை கண்டுகொள்ள 41 வருஷம் ஆகியிருக்கிறது.

எனக்கு இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுதான். அதுவரை வயிற்றைத் திறக்காமல் செய்த பரிசோதனைகளில் பெரும்பாலானவை 'வரவில்லை', 'தெரியவில்லை' என்ற பதிலை வைத்து ஊகித்தவை. இல்லாமைக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். முக்கோணம் அப்படியில்லை, அது இருக்கிறது, அளக்கலாம். பதில் வராததற்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, அறுந்த கேபிளையே கண்ணால் பார்த்த மாதிரி. 2003-ல் சிங்கப்பூரில் டான் கெண்ட்ரிக் குழு பித்தப்பைக்கும் இதையே செய்தது. 1.9 சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளம், தெளிவில்லாத சுவர், மேடு பள்ளமான வடிவம் என்று மூன்று அடையாளங்கள். இதைப் பார்க்கக் குழந்தை பசியோடு இருக்க வேண்டும். நாய் சொன்ன பாடம் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

2021-ல் சீனாவின் குவாங்ஜோவில் ஒரு குழு பித்தப்பை அல்ட்ராசவுண்ட் படங்களை வைத்து ஆழ்கற்றல் மாடல் ஒன்றைப் பயிற்றுவித்தது. வெளி மருத்துவமனைகளின் படங்களில் சோதித்தபோது நோயுள்ளவர்களில் 93.1 சதவீதத்தையும், இல்லாதவர்களில் 93.9 சதவீதத்தையும் சரியாகச் சொன்னது. ஸ்கேன் திரையை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்பினாலும் வேலை செய்யும்படி ஆப்பும் செய்தார்கள். என் தொழில் இது என்பதால் கொஞ்சம் பெருமையோடு படித்தேன். படித்து முடித்ததும் ஒன்று உறுத்தியது. அந்த மாடல் வேலை செய்ய வேண்டுமென்றால் யாராவது அந்தக் குழந்தையை முதலில் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

மலிவான படம்

அதற்கு ஜப்பானும் தைவானும் கண்ட வழி ஓர் அட்டை. 1994-ல் ஜப்பானின் டோச்சிகி மாவட்டத்தில் மாட்சுயி என்ற மருத்துவர், குழந்தை மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையைத் தாய்மார்களிடம் கொடுக்க ஆரம்பித்தார். 2004-ல் தைவான் அதை நாடு முழுக்க, குழந்தை நலக் கையேட்டிலேயே சேர்த்தது. 60 நாளுக்குள் கசாய் அறுவை செய்துகொள்ளும் குழந்தைகளின் விகிதம் கூடியது. கதிரியக்க அயோடினும் 72 மணி நேரமும் கொண்டு அளந்ததை, அம்மாவின் கண் அட்டையை வைத்துப் பார்த்துவிடுகிறது. அட்டை எண்ணில் அளந்து சொல்லாது. ஆனால் சரியான நாளில் வீட்டிலேயே நடக்கிறது.

நாள் தவறினால் மிஞ்சுவது கல்லீரல் மாற்று. உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவை 1963-ல் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் செய்தது, அட்ரீசியா இருந்த மூன்று வயதுக் குழந்தைக்குத்தான். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. 1998-ல் டெல்லியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று நடந்தது. அதுவும் அட்ரீசியாதான், குழந்தை தமிழ்நாட்டிலிருந்து போனது. இன்று நிறைய பேர் பிழைக்கிறார்கள். ஆனால் தானம் தர ஆள், பணம், வாழ்நாள் முழுக்க மருந்து என்று அது வேறு பாதை.

எங்கள் கதைக்கு வருகிறேன். அன்று திரையில் பித்தப்பை நிரம்பித் தெளிவாகத் தெரிந்தது. முக்கோணம் இல்லை. "இப்ப பால் குடுங்கம்மா" என்றார். குடித்த பிறகு மறுபடி பார்த்தார், பை சுருங்கியிருந்தது. தொடர்ந்த ரத்தப் பரிசோதனைகளில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஹெப்படைட்டிஸ் என்று முடிவானது, சில மாதங்களில் மஞ்சள் முழுக்கப் போனது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அதே வராந்தாவில் இன்னொரு அம்மாவும் காத்திருந்தார். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. ஊரில் கீழாநெல்லி கொடுத்தார்களாம். "வெள்ளையாத்தான் போவான். பால் குடிக்கிற புள்ளதானேன்னு விட்டுட்டோம் தம்பி" என்றார். உள்ளே போய்விட்டு வெளியே வந்தபோது எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது கைக்குழந்தை இருந்தால், இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால், டைரக்ட் பிலிருபின் பாருங்கள் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அதற்கு முன்னால், துணி மாற்றும்போது நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள்.